சட்டையில் விழுந்த சங்கதி

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபோது, மாமனாரின் வெள்ளைச் சட்டை முதுகில் பழுப்பு நிறத்தில் ஒரு முக்கோணம் உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளை பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று மாமனாருக்குப் பணி ஓய்வு விழா. இன்னும் ஒரு மணி நேரத்தில் மேடை ஏற வேண்டும். "நீங்க ஏன் மாமா சிரமப்படுறீங்க?" என்று சட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கியவர் இவரேதான்.

அந்த நேரத்தில், வழக்கம்போல், பாட்டு வாத்தியாரின் குரல் காதில் கேட்டது. சின்ன வயதில் அவரிடம் ஏழு வருஷம் படித்ததில் பாட்டு ஒட்டவில்லை. ஒரு உபதேசம் மட்டும் ஒட்டிக்கொண்டது. "தப்பு விழுந்தா முழிக்காதே. அதே தப்பை இன்னும் ரெண்டு தடவை தைரியமாப் பாடு. வரியை மெருகேத்திச் சங்கதி போடுறான்னு நினைச்சு எல்லாரும் தலையாட்டுவாங்க."

அலுவலகத்தில் மேலதிகாரியின் பெயரைக் கடிதத்தில் ஓரிடத்தில் தப்பாக அடித்துவிட்டு, மற்ற இடங்களிலும் அப்படியே மாற்றி அடித்தவர் மாப்பிள்ளை.

முக்கோணத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகப் பெட்டியை வைத்து, நிதானமாகப் பத்து வரை எண்ணினார். மூன்றாவது கோணிக்கொண்டது. அதைச் சங்கதியாக்க, அதே கோணலில் இன்னும் இரண்டு தேவைப்பட்டன.

"என்னங்க, தீயுற வாசனை வருது?" அடுத்த அறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"பெட்டி சூடாகுதும்மா!"

முதுகு நிறைந்துவிட்டது, முன்பக்கம்தான் வெறிச்சென்றிருந்தது. சட்டைப் பையின் மேல் ஒன்று வைத்தார். பை, பெட்டியோடு வந்துவிட்டது.

"மாப்ளே, சட்டை ஆச்சா?" குளியலறையிலிருந்து மாமனார்.

"சரணத்துக்கு வந்துட்டேன் மாமா!"

மனைவி வந்து பார்த்தாள். "ஐயையோ! அப்பாகிட்ட இருக்கிற ஒரே நல்ல சட்டைங்க இது!"

"டிசைன்மா. கொஞ்சம் தள்ளி நின்னு பாரு."

தள்ளி நின்றாள். "தள்ளி நின்னா இன்னும் நல்லாவே தெரியுது. கழட்டுங்க உங்க சட்டையை!"

பனியனோடு வந்த மாமனார் எல்லாவற்றையும் பார்த்தார். முப்பத்து நாலு வருஷ வேலையில் யாரையும் கடிந்து பேசாத மனிதர். மாப்பிள்ளையின் சட்டைக்குள் எப்படியோ நுழைந்தார். பொத்தான்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டன.

"பரவாயில்லை மாப்ளே. நான் உட்காராமலே இருந்துடுறேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இது மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"நான் வேணும்னு பண்ணலை மாமா. இதுக்கு ஒரு முறை இருக்கு. எங்க வாத்தியாரே சொல்லுவாரு, கேளுங்க" என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

வாத்தியாரின் மனைவி எடுத்தார். "அவரு குளிக்கிறாரு. என்ன தம்பி?"

"தப்பை மூணு தடவை பண்ணினா சங்கதி ஆயிடும்னு சார் சொல்லுவாரே, அதை எங்க மாமாகிட்ட நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா."

"அதைப் பண்ணித்தானே தம்பி, கச்சேரிக்கு யாருமே கூப்பிடாம, அவரு பாட்டு வாத்தியாரா ஆனாரு!"