நீர் அனுப்பிய கணினியைத் திருப்பி அனுப்புவது பற்றி

கட்டுகஸ்தோட்டை,
கண்டி.
12.03.2007

அன்புள்ள மருமகன் யோகேந்திரனுக்கு,

கட்டுக்கலைப் பிள்ளையார் கிருபையால் நீரும் மகள் கமலாசனியும் பேத்தியும் ரொறன்ரோவில் சுகமாயிருப்பீர்கள் என நம்புகிறேன். நானும் உமது மாமியும் சுகம். சுகமில்லாதது நீர் அனுப்பிய கணினிதான்.

காலையில் அதைப் போட்டுவிட்டு மாமி புட்டு அவித்து, சம்பல் அரைத்து, நான் சாப்பிட்டுக் கை கழுவி வந்தாலும் அது திறந்தபாடில்லை. போன கிழமை நீர் அனுப்பிய பேத்தியின் படம் முதலில் தலைமயிர், பிறகு நெற்றி என்று இறங்கி வந்தது. மூக்கு வரும்போது கரண்ட் போய்விட்டது. பிள்ளைக்குத் தன்னுடைய வாயா உம்முடைய வாயா என்று மாமி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு ரபீகா ரீச்சர் சூடுதான் காரணம் என்றா. மேசைக் காற்றாடியை அதற்குத் திருப்பிவிட்டு நாங்கள் வியர்த்துக்கொண்டிருந்தோம். மாற்றமில்லை. பிறகு பெட்டியை ஓட்டோவில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனேன். சோதனைச் சாவடியில் அதைத் தெருவோரம் இறக்கி, மூடியைக் கழற்றி, உள்ளே ரோர்ச் அடித்துப் பார்த்தார்கள். முப்பத்தொரு வருடம் அரசாங்க அதிபரின் கச்சேரியில் வேலை செய்து பிரதம லிகிதராக ஓய்வுபெற்றவன், கையில் ஆறு ஆணியோடு வெயிலில் நின்றேன். கடைக்காரன் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "வேண்டாததெல்லாம் அழிச்சிட்டா நல்லா ஓடுங்க ஐயா" என்றான். நீரும் அதையேதான் எழுதியிருந்தீர்.

வேண்டாதது எது என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் வீட்டைக் கொளுத்தினபோது அலுமாரியோடு எல்லாக் கடுதாசியும் போயிற்று. அப்போது கமலாசனிக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், பிள்ளை முன்னால் நிற்க, பிள்ளை பிறந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். அந்த ஒரு கடுதாசிக்காக இரண்டு வருடம் கந்தோர் கந்தோராக அலைந்தேன். அந்த அவமானம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆகவே 2004 பெப்ரவரி தொடக்கம் எல்லாப் பத்திரத்தையும் ஸ்கேன் பண்ணி, மாதம் முதலாம் திகதி ஒவ்வொன்றுக்கும் மூன்று புதுப் பிரதி எடுத்து வைக்கிறேன். பழையதை அழிப்பதில்லை. இது கச்சேரி ஒழுங்கு. இதைக்கூடத் தாங்க முடியாத பெட்டியை ஏன் காணும் எனக்கு அனுப்பினீர்? இதை எடுத்துக்கொண்டுபோக உடனே ஆள் அனுப்பும். இனி ஒரு நாளும் அதைத் தொடமாட்டேன்.

பேத்திக்கு எங்கள் முத்தம். இதை வாசித்து வரும் உமது கோபம் தணிய ஒரு கிழமை தருகிறேன், என் கோபத்துக்குத் தவணை இல்லை. எல்லாரும் நீடூழி வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா மகேந்திரராசா

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரம் வீடு சோதிக்கப் பொலிஸார் வந்துவிட்டார்கள். நரைமீசைச் சிங்கள சார்ஜன்ட் ஒருவர் கணினியைத் திறக்கச் சொன்னார். அது திறப்பதற்குள் மாமி இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றிவிட்டாள். திறந்ததும் அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "மாத்தயா, ஒரு மகளுக்கு ஏன் நூற்றிப் பதினாலு பிறப்புச் சான்றிதழ்?" என்று கேட்டார். எண்பத்து மூன்றைச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "வீடு எரிஞ்சா இந்தப் பெட்டியும் எரியும்தானே மாத்தயா" என்றார்.

இது மூன்று வருடமாக என் மூளைக்கு எட்டவில்லை. அவரே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் ஒன்றை ஒரு சீடியில் ஏற்றித் தந்து, ஒன்றை உள்ளே விட்டு, மிச்சத்தை அழித்தார். அழிக்கட்டுமா என்று கேட்டபோது நான் ஓம் என்றுதான் சொன்னேன். இப்போது கணினி ஒரு நிமிடத்தில் திறக்கிறது. பேத்திக்கு மாமியின் வாய்.

ஆகவே பெட்டிக்கு ஆள் அனுப்ப வேண்டாம். சீடியை இத்துடன் வைத்திருக்கிறேன். உமது கணினியில் ஏற்றி, மாதம் முதலாம் திகதி மூன்று பிரதி எடும். அது மெதுவானால் எனக்கு எழுத வேண்டாம்.