சராசரி நான்கு நிமிடம்

காலத்தை வென்ற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் டாக்டர் வெங்கட்ரமணன். தாமிரபரணிக் கரையில் ஓர் ஆஸ்பத்திரியின் 'தர மேம்பாட்டு ஆய்வுப் பிரிவு'க்குத் தலைவர். அங்கே கடிகாரமே அவரைக் கேட்டுத்தான் ஓடியது.

முன்பெல்லாம் நோயாளிகள் டாக்டரைப் பார்க்கச் சராசரியாக மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். ஆய்வுக் குழு ஆறு மாதம் கூடி, முந்திரிக்கொத்தும் காபியுமாக உழைத்து ஓர் உண்மையைக் கண்டறிந்தது: டோக்கன் கைக்கு வந்த பிறகுதான் காத்திருப்பு தொடங்குகிறது! ஆகவே, டாக்டர் முன்னால் நாற்காலி காலியானால் மட்டுமே டோக்கன். அதுவரை கேட்டுக்கு வெளியே நிற்பவர் நோயாளி அல்ல; 'வருகை தர உத்தேசித்திருப்பவர்'. சராசரி நான்கு நிமிடத்துக்கு இறங்கியது. இத்தனைக்கும் புதிதாக ஒரு டாக்டரைக்கூட நியமிக்கவில்லை.

நர்ஸ் ஃபெபிக்கு இந்த மகத்துவம் முழுதாக விளங்கவில்லை. மூச்சுத் திணறுகிறவரைக் கண்டால் எழுந்து ஓடும் பழைய பழக்கம் அவளை விடவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் சொரிமுத்துவை அவர் மனைவி செல்லக்கிளி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். கடுமையான இளைப்பு, உதடு நீலம் பாரித்திருந்தது. கேட்டில் காவலர் காஜா முகைதீன் நின்றார்.

"அண்ணாச்சி, இவுகளுக்கு மூச்சு விட முடியல. ஒரு டோக்கன் தாங்க!"

"உள்ள நாற்காலி காலியாவலம்மா. இப்பக் குடுத்தா சராசரி ஏறிரும்."

"அந்தச் சராசரி எங்கன இருக்காரு? அவரு கால்ல விழுதேன்!"

"அவரு பெரிய டாக்டருக்கும் மேலம்மா," என்றார் காஜா முகைதீன்.

ஜன்னல் வழியாக இதைப் பார்த்த ஃபெபி நெபுலைசரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, உங்க ஃபேன் பிளக்கைப் புடுங்குங்க!"

அவள் சொல்லி முடிக்குமுன் அவர் பிடுங்கியிருந்தார். ஃபெபி அந்த இடத்தில் நெபுலைசரைச் சொருகி, காவலர் அறை வாசலிலேயே சொரிமுத்துவை உட்காரவைத்து முகமூடியை மாட்டினாள். கால் மணி நேரத்தில் உதட்டில் நிறம் திரும்பியது. "தண்ணி" என்றார் அவர். செல்லக்கிளி ஃபெபியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஃபெபி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விசாரணை.

"சிஸ்டர், ஸ்டாக்கில மருந்து குறையறது. ஆனா நோயாளியைக் காணோம்," என்றார் வெங்கட்ரமணன், மிகுந்த வேதனையோடு. "டோக்கன் இல்லாத நுரையீரலை நான் எந்தக் கணக்கில சேர்க்கிறது?"

"மருந்து குடுக்கலைன்னா செத்துருப்பாரு சார்."

"எங்கே? கேட்டுக்கு வெளியே. அது ரோடு. நெடுஞ்சாலைத் துறையோட டேட்டா."

அதுவரை ஃபெபிக்கு வேலை போய்விடுமோ என்று பயம் இருந்தது. இப்போது அந்தப் பயம் போய்விட்டது.

"அப்ப, அவரு செத்திருந்தா நான் விளக்கம் எழுத வேண்டாமா சார்?"

"ஒரு வரிகூட வேண்டாம்."

சொரிமுத்து பிழைத்துத் தொலைத்ததால், மூன்று பிரதிகளில் விளக்கம் கேட்கப்பட்டது. ஃபெபி ஒரே பிரதியில் எழுதிக் கொடுத்தாள்:

'பொருள்: கேட்டுக்கு வெளியே ஒருவரைச் சாகவிடத் தவறியது. ஐயா, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இதற்கு முன் அதே இடத்தில் நாம் தவறாமல் சாகவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத் தெரியாது. தங்களுக்கும் தெரியாமல் இருப்பதற்குத்தானே இந்த ஆய்வு?'