அரை கிளாஸ் மிச்சம்

"அத்தனையும் திரும்பி வந்திருக்கு," என்றார் மேலாளர்.

கிடங்கு வாசலில் லாரியிலிருந்து சோடாப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. போன வாரம் இதே ஆட்கள்தான் இதே பெட்டிகளை ஏற்றியிருந்தார்கள்.

டீக்கும் காபிக்கும் பதிலாகக் காலை உணவோடு குடிக்க, காஃபீன் கலந்த சோடா. யோசனை மேலாளருடையது. ஊரைக் குடிக்க வைக்கும் பொறுப்பு, எதிரே நின்றிருந்த அவளுடையது.

"வீடு வீடா போய்க் குடுத்தீங்க. எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. கடையில வெச்சா ஈ, காக்கா கூட எட்டிப் பாக்கலை!"

"ஈ வந்துது சார். ஆளுங்கதான் வரலை," என்றார் கிடங்குக்காரர்.

மேலாளர் அவரை முறைத்துவிட்டு அவளிடம் திரும்பினார். "இப்படியே போனா உங்க பிரிவை மூட வேண்டியதுதான்."

அவளுடைய பிரிவில் இருந்தது அவள் ஒருத்திதான்.

அவளுக்குப் புரியவில்லை. தினமும் விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். கணவரும் மகளும் எழுந்திருக்கும் நேரத்தில் யார் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலோ எதிரே உட்கார்ந்து, சோடாவை ஊற்றிக் கொடுத்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். பிறகு அவர்கள் சொல்வதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்பாள். அதில் அவள் கெட்டிக்காரி. தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அரை கிளாஸை முக்கால் மணி நேரம் குடித்தார். 'ரசித்துக் குடிக்கிறார்' என்று குறித்துக்கொண்டாள். தையல்காரம்மா, தன் மருமகள் கதை முடியும்வரை கிளாஸைக் கீழே வைக்கவேயில்லை.

குறை என்று தையல்காரம்மா சொன்னது ஒன்றுதான். "ஏப்பம் வருதும்மா. ஊசியில நூல் கோக்கும்போது கை ஆடிடுது."

காஸைக் குறைத்தார்கள். மூடியைத் திறந்தால் சத்தமே வரவில்லை. பழைய சரக்கு என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

"காலங்காத்தால ஜில்லுன்னு குடிச்சா பல்லு கூசுது," என்றார் டிரைவர்.

சூடாகவும் குடிக்கலாம் என்று லேபிளில் அச்சடித்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பாட்டிலை மூடியோடு அடுப்பில் வைத்தார். மிச்சமிருந்த காஸ் மூடியைப் பறக்கவிட்டு, அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை உடைத்தது. பிறகு சர்க்கரையைக் குறைத்தார்கள். அது மருந்துக் கடையில் மட்டும் கொஞ்சம் விற்றது.

ஆனால் ஒவ்வொரு முறையும், "போன தடவையை விட இது அருமை," என்றார் டிரைவர், அவளுக்காக நாற்காலியைத் துடைத்துப் போட்டபடி. "அடுத்தது எப்போ கொண்டு வருவீங்க?"

"இதுதான் கடைசித் தடவை," என்றார் மேலாளர்.

ஒருவேளை எல்லோரும் முகதாட்சண்யத்துக்காகச் சொல்கிறார்களோ? பொய் சொல்லத் தெரியாத ஒரு நாக்கு வேண்டும். அது அவள் வீட்டிலேயே இருந்தது. கல்யாணமான மறுநாள், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில், அவள் சமையலை "வாயில வைக்க முடியலை" என்று சொன்ன நாக்கு.

மறுநாள் காலை அவள் வெளியே போகவில்லை. பள்ளிக்கூடப் பையோடு வந்த மகள் திகைத்து நின்றாள்.

"அம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான்டி இருக்கேன். உட்காரு."

கணவருக்கு எதிரே உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். கண்ணில் நீர் வந்தது.

"எப்படி இருக்குங்க?"

அவர் கிளாஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நல்லாருக்கு."

"நிஜமா?"

"நிஜமாத்தான்." ஊசி போட்டுக்கொள்பவர் போல இன்னொரு வாய். "என் முட்டி வலிக்குக்கூட நல்லதோ என்னவோ."

"முட்டி வலியா? எப்போலேர்ந்து?"

"அது ஆச்சு, மழைக்காலத்துலேர்ந்து."

மழை நின்று வெகுநாளாகியிருந்தது. அவளுக்குள் ஏதோ இடறியது. டிரைவருக்கு இடுப்பில் எந்தப் பக்கம் வலி என்று அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பை உள்ளே தள்ளிவிட்டு, "இனிப்பு போதுமா?" என்று கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான். டிரைவரைப் போலவே அவரும் ரசித்துக் குடித்தார். ஆபீஸுக்கு நேரமான பிறகும் கிளாஸில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"சார், எங்க வீட்டுக்காரருக்கே பிடிச்சிருக்கு!" என்று மேலாளரிடம் ஓடினாள். அதுவரை செய்யாத அளவுக்குத் தயாரித்து ஊர் முழுக்க அனுப்பினார்கள்.

அத்தனையும் திரும்பி வந்தது.

"இந்தத் தடவை ஈ கூட வரலை மேடம்," என்றார் கிடங்குக்காரர், வருத்தமாக. பிரிவு மூடப்பட்டது.

மறுநாள் காலை அவள் டீ போட்டு மேசையில் வைத்துவிட்டு, சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"சோடா இல்லையா?" என்றார் கணவர்.

"இல்லை. வேலையும் இல்லை. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க நாக்கை நம்பித்தானே அத்தனையும் செஞ்சேன். நிஜமாவே பிடிச்சுதா?"

அவர் ஏற்கெனவே ஆறிப்போயிருந்த டீயை ஊதினார்.

ரொட்டியை மென்றபடி மகள்தான் சொன்னாள்:

"அதைக் கண்டாலே அப்பாவுக்குக் குமட்டும்மா. கிளாஸ் காலியானா நீ எழுந்து போயிடுவேன்னுதான் மிச்சம் வெச்சு மிச்சம் வெச்சுக் குடிச்சாரு."