ஒற்றைக் கோட்டை டாக்டர்

தோற்பவர்களால் யாருக்கும் தொல்லையில்லை. தோற்றுக்கொண்டே இருப்பவர் என்று தனியாக ஓர் இனம் உண்டு. இப்போது பேச்சு அவரைப் பற்றித்தான். வரைபடத்தை விரித்து, கோட்டைகளைப் பங்கு போட்டு, இந்தச் சுற்றில் கூட்டு, அடுத்த சுற்றில் வெட்டு என்று ஆடுகிற பலகை விளையாட்டில் இவரைப் பார்க்கலாம். அடையாளம் சுலபம். ஜெயிக்கிறவர் பேசமாட்டார். இவர் நிறுத்தமாட்டார்.

நம் பல் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து ஆட்டத்தை விரித்தால், எதிரே மனைவி, பக்கத்தில் அவள் தம்பி, கோடியில் கீழ்வீட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இரண்டிரண்டு பேராகப் பால்கனிக்குப் போய் ரகசிய ஒப்பந்தம் பேசலாம். பேசியபடி நடக்க வேண்டுமென்று விதி கிடையாது. மச்சான் அங்கே டாக்டரின் தோளில் கை போட்டுப் பேசிவிட்டு, உள்ளே வந்ததும் அவர் கோட்டைகளை வழித்தெடுத்துவிட்டான். மூலையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

அப்புறம்தான் டாக்டருக்கு ஆட்டமே ஆரம்பம். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவார், தனக்கு இதிலெல்லாம் அக்கறையே இல்லை என்பார், ஏன் இல்லை என்று விஸ்தாரமாக விளக்குவார், பிறகு கூப்பிடாமலே பால்கனியில் போய் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அந்த ஒற்றைக் கோட்டையைத் தருவதாக வாக்குக் கொடுப்பார். நோயாளியிடம் வலிக்காது என்று சொல்கிற அதே குரலில்தான்.

மனைவிக்கும் அதே வாக்கைக் கொடுத்தார். பாவம், அவள் இந்த ஆட்டத்தில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இன்றைக்கு இன்னும் ஒரு கோட்டை கிடைத்தால் ஜெயம். அவருடையதை எப்போதோ அடித்துப் பிடித்திருக்கலாம். புருஷன் முகம் வாடிவிடுமே என்று விட்டுவைத்திருந்தாள்.

டாக்டரின் முறை வந்தது. கோட்டையை எடுத்து மனைவி பக்கம் கொண்டுபோனார். அப்போது பார்த்து மச்சான் அக்காவைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தான். அக்கா ஜெயித்தால் தம்பிக்குச் சந்தோஷம். தம்பி சந்தோஷப்பட்டால் டாக்டருக்குப் பொறுக்குமா? கை அப்படியே திரும்பி, கோட்டையை ஏஜெண்டின் முன்னால் வைத்தது. ஏஜெண்டுக்கும் ஒரே ஒரு கோட்டைதான் பாக்கி. ஜெயித்துவிட்டார். டாக்டருக்கு அந்த மனிதரைக் கண்டாலே ஆகாது என்பது வேறு விஷயம்.

"இப்ப என்னடா பண்ணுவே?" என்றார் மச்சானிடம்.

"நான்தான் எப்பவோ தோத்துட்டேனே, மாமா."

வாஸ்தவம். பிடித்ததையெல்லாம் மற்ற இருவரிடமும் பறிகொடுத்துவிட்டு அவன் சும்மா வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தான். பழிவாங்குகிற மும்முரத்தில் டாக்டர் அதைக் கவனிக்கவில்லை.

மனைவி காய்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட ஆரம்பித்தாள்.

"எப்படியும் தோக்கத்தான் போறீங்க," என்றாள் நிமிராமல். "என்கிட்ட தோத்திருந்தா என்ன?"

ஏஜெண்ட் மட்டும் டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவருடைய முகம் ஞாபகம் வந்திருக்குமே? ரொம்ப சந்தோஷம். ஆனால் அவரிடம் இதைப் படிக்கக் கொடுத்துவிடாதீர்கள். அவருக்கு யார் முகம் ஞாபகம் வரும் என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், உங்களைத் தவிர.