வழுக்காத பேய்

மாமியார் வந்து சேருவதற்குள் பின்னறையில் ஒரு பேயைக் குடிவைத்துவிடுவது என்று பரிசோதகர் முடிவு செய்தார்.

வேறு வழியில்லை. காலை ஷிப்ட் முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவர் குறட்டை விடுவது பின்னறையில்தான். ஆறு மாதம் தங்கப்போகிற அம்மாவுக்கு அந்த அறை என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இனி மதியத் தூக்கம் கூடத்தில், டிவி சத்தத்துக்கு நடுவில்.

டைல்ஸ் தொழிற்சாலையில் எந்தத் தரை வழுக்கும், எது வழுக்காது என்று சோதிப்பது அவர் வேலை. விரல்களோடு நிஜக் கால் மாதிரியே இருக்கும் ரப்பர் பாதம் ஒன்றை டைல்ஸ் மேல் வைத்து இழுத்து, தரை எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பார். வீட்டிலும் அதே பேச்சு. "ஈரத்துல எட்டி வச்சு நடக்காத. குதிகால் சாஞ்சு விழுந்தா வழுக்கும். சின்னச் சின்ன அடியா, பாதத்தைத் தட்டையா வை." சாப்பிடும்போதும் சொல்வார். துணி காயப்போடும்போதும் சொல்வார்.

அந்த ரப்பர் பாதம் ஒரு நாள் அவர் பையில் ஏறி வீட்டுக்கு வந்தது. தண்ணீரில் நனைத்து, குளியலறையிலிருந்து பின்னறைச் சுவர்வரை வரிசையாக அழுத்தி வைத்தார்.

"ஏங்க! இங்க வாங்களேன். யாரோ ஈரக்காலோட நடந்திருக்காங்க. தடம் சுவர்கிட்ட போய் நின்னுடுச்சு. திரும்பி வந்த தடமே இல்ல!"

"ஐயோ, நான் இன்னும் குளிக்கவே இல்லையே!" என்றார் பரிசோதகர்.

அவள் குனிந்து தடங்களை வெகுநேரம் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது என்றே அவருக்குத் தோன்றியது.

"இந்த ரூம்ல அம்மாவை எப்படிங்க படுக்க வைக்கிறது?"

"அதானே! வயசானவங்க. நான் படுத்துப் பாக்கறேன்."

"தனியாவா?"

"உங்கம்மாவுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

மறுநாள் இன்னும் அழுத்தமான சாட்சி வேண்டும் என்று, மனைவியின் பவுடர் டப்பாவைப் பின்னறைத் தரை முழுக்கக் கொட்டிப் பரப்பியபடியே பின்வாங்கிக் கட்டிலில் ஏறிக்கொண்டார்.

"முகத்துக்குப் போடற பவுடருங்க அது!"

"பேய் பிடிபடணுமா, வேண்டாமா?"

அவள் மாலையில் கடைக்குப் போகும்போது ரப்பர் பாதத்தை அழுத்திவிடலாம். அது கூடத்தில், ஆணியில் தொங்கும் பையில் பத்திரமாக இருக்கிறது. அதுவரை தூக்கம்.

விழித்தபோது வெளியே கொட்டுமழை. பட்டப்பகலிலேயே அறை இருண்டு கிடந்தது. எதற்காக விழித்தோம் என்று தெரியவில்லை. யாரோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது மாதிரி பின்கழுத்து சில்லென்றது. மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

கதவிலிருந்து கட்டில்வரை வெண்பவுடரில் காலடிகள்.

கடைசி அடி அவர் தலைமாட்டில் இருந்தது. விரல்கள் அவரைப் பார்த்தபடி. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை. அப்படியானால் வந்தது இன்னும் இங்கேயேதான் நிற்கிறது.

வேறு யாராக இருந்தாலும் இத்தோடு பயந்திருப்பார்கள். பரிசோதகருக்குத் தொழில் தெரியும் என்பதால் இன்னும் அதிகமாகப் பயந்தார். ஒவ்வொரு அடிக்கும் நடுவே மூன்றடி இடைவெளி! பவுடர் கொட்டிய பளபளப்பான தரையில் அப்படி எட்டி வைத்தால் குதிகால் இழுபட்டு ஒரு கோடாவது விழுந்தே தீரும். இங்கே கோடு இல்லை, அச்சு மாதிரிப் பதிந்திருக்கிறது. உடம்பில் கனம் உள்ள எதுவும் இப்படி நடக்க முடியாது. பதினெட்டு வருட அனுபவத்தில் அவர் எந்த டைல்ஸுக்கும் இவ்வளவு உறுதியாகச் சான்று கொடுத்ததில்லை.

கட்டிலுக்கடியில் ஏதோ கிரீச்சென்றது. அவருடைய கட்டில்தான், அவர் நடுங்கிய நடுக்கத்தில்.

"அம்மா!" என்று அலறிக்கொண்டு எட்டிக் குதித்தார். முதல் அடியிலேயே குதிகால் பறந்தது. இடுப்பு தரையில் மோத, வாசலைத் தாண்டி, கூடம்வரை வழுக்கிக்கொண்டே போய் மனைவியின் காலடியில் நின்றார். அவள் ஒரு துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள்.

ரப்பர் பாதம். அதன் விரலிடுக்கில் பவுடர்.

"நேத்து நீங்க வச்ச தடம் எல்லாமே இடது காலுங்க. ரெண்டு காலும் இடதா இருக்கிற பேயை இப்பதான் பாக்கறேன். உங்க பையில பாத்தா, ஒத்தைக் கால்தான் கிடந்தது."

"திரும்பிப் போன தடமே இல்லையே?" வலியிலும் அவருக்குத் தொழில் விட்டுப்போகவில்லை.

"பின்பக்கமா நகர்ந்தேன். என் தடத்து மேல பவுடரைத் தூவிட்டு, இதை அழுத்திக்கிட்டே வந்துட்டேன். ஐஸ் வைக்கிறேன், இடுப்பைக் காட்டுங்க. நாளைக்கு அம்மா வர்றாங்க, ரூமை நீங்கதான் துடைக்கணும்."

"அது சரி... அந்தப் பவுடர்ல நீ எப்படி வழுக்காம நடந்த?"

"சின்னச் சின்ன அடியா, பாதத்தைத் தட்டையா வச்சு. கல்யாணம் ஆனதுலேர்ந்து தினம் நீங்க சொல்றதுதானே? நான் கேட்டேன். நீங்கதான் கேக்கல."