தரை அணிலுக்கு ஒரு துல்லியச் சான்றிதழ்

அமெரிக்காவின் மொன்டானாவில், ஆர்லோ பிரெக்கி மாட்டுத் தீவனத்துக்காகப் போட்ட குதிரைமசால் வயலில் தரை அணில்கள் குடியேறியது ஏப்ரல் மாதம். சுட்டுத் தள்ள அவரிடம் நல்ல துப்பாக்கி இருந்தது. தோட்டாவையும் அவரே வெடிமருந்து அடைத்து வீட்டில் தயாரிப்பார். அதற்காக எடுத்தவுடன் சுட்டுவிட முடியுமா? பயிர்க்காப்பு அலுவலகம் பொதுமக்களின் நலனையும் அணில்களின் கண்ணியத்தையும் கருத்தில் கொண்டு அந்த ஆண்டுதான் ஓர் ஆணை பிறப்பித்திருந்தது. வீட்டுத் தோட்டா பாதுகாப்பானது, துல்லியமானது என்று சான்றிதழ் பெற்ற பிறகே அதை அணிலின் பக்கம் திருப்பலாம்.

ஆர்லோவுக்கு இதில் உள்ளூரச் சந்தோஷம்தான். அணிலைச் சுட்டவனை அந்த வட்டாரத்தில் யார் மதிக்கிறார்கள்? இலக்குக் காகிதத்தில் ஐந்து குண்டை ஒரே இடத்தில் இறக்கியவனுக்குத்தான் காபிக் கடையில் நாற்காலி காலியாகும். தோட்டா தயாரிப்புப் புத்தகத்தில் சொன்ன குறைந்த அளவில் தொடங்கி, மருந்தைத் தராசில் நிறுத்து, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிச் சுட்டுப் பார்த்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி விண்ணப்பம், மூன்று பிரதிகள்.

"ஏங்க, வயல்ல பாதியக் காணோம்," என்றாள் மனைவி வெர்னா. "குளிர்காலத்துல நாப்பது மாடும் எதைத் திங்கும்?"

"கொஞ்சம் பொறு. குண்டு இன்னும் ஒரு மயிரிழை இடப்பக்கம் போகுது."

"அந்த மயிரிழையில அணில் தப்பிச்சிருமாக்கும்."

ஜூன் நடுவில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டைக்குள் போயின. ஆர்லோ காகிதத்தை மடங்காமல் இரண்டு கையாலும் ஏந்திப்போய் பயிர்க்காப்பு அதிகாரி ஸ்டாங்கின் மேசையில் வைத்தார். ஸ்டாங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஒரு ஓட்டைதானே இருக்கு. மிச்சம் நாலு குண்டு எங்க?"

"அதே ஓட்டையிலதான் சார் போச்சு."

"படிவத்துல அஞ்சு ஓட்டைக்கு அஞ்சு கட்டம் இருக்கு. நாலைக் காலியா விட்டா, நாலு குண்டு ஊருக்குள்ள திரியுதுன்னு அர்த்தம்."

"இப்ப நான் என்னதான் பண்ணணும்?"

"கொஞ்சம் மோசமாச் சுடுங்க. ரொம்ப மோசமா வேணாம்."

துல்லியமாகச் சுடப் பத்து வாரம் ஆகியிருந்தது. அளவாகத் தவறுவதற்கு மேலும் ஐந்து வாரம் பிடித்தது. ஜூலை கடைசியில் சான்றிதழ் கைக்கு வந்தபோது, அணில்கள் வயலை மொட்டையடித்து, தின்று கொழுத்து, வழக்கம்போல அடுத்த வசந்தம்வரை தூங்க வளைக்குள் போய்விட்டன.

ஸ்டாங் நேரில் ஆய்வுக்கு வந்தார். கட்டாந்தரையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒரு அணில்கூடக் கண்ணுல படல. திட்டம் முழு வெற்றி. மாவட்டத்துலயே முதல் ஆள் நீங்கதான். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"உள்ளதைச் சொல்லுங்க," என்று வெர்னா கணவரின் கையைப் பிடித்தாள். "நிவாரண வைக்கோலாவது கிடைக்கும்."

"தாராளமாச் சொல்லலாம்மா," என்றார் ஸ்டாங். "அணில் தின்னுச்சுன்னு எழுதினா வைக்கோல் வரும். சான்றிதழை மட்டும் திருப்பி வாங்கிக்குவோம்."

ஆர்லோ வயலைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். மாவட்டத்தில் வேறு ஒருவரிடமும் அது இல்லை. வெர்னாவின் கையை மெல்ல விலக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபரில் மாடுகள் லாரியில் ஏறின. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெர்னாவிடம் துக்கம் விசாரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக ஆர்லோவைத் தனியே அழைத்துப்போய், அந்த விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.