கதகதப்புக்கு நான் கேரண்டி

கோட்டின் ஜிப் தொப்பைக்கு மேல் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. கோட்டு விற்பனையாளர் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று, மூச்சை உள்ளே இழுத்து, ஒரே மூச்சாக மூடிவிட்டார். கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர். அது மட்டும் குளிர்பதனக் கிடங்கின் முதலாளிக்குத் தெரிந்துவிடக் கூடாது.

எல்லாம் வாய்க்கொழுப்பால் வந்த வினை. "சூடு கோட்டுல இல்லீங்க. உள்ள அடைச்சிருக்கிற இறகுக்கு நடுவுல காத்து நிக்குது பாருங்க, அதுதான் நம்ம உடம்புச் சூட்டை வெளிய விடாது. வேணும்னா நானே உங்க கிடங்குக்குள்ள போய் நின்னு காட்டுறேன்" என்று முதலாளியிடம் அளந்துவிட்டார். முதலாளி உடனே சரி என்பார் என்று யார் கண்டது?

மின்விசிறி சுற்றினாலே போர்வை தேடுகிற உடம்பு அவருடையது. ஆனால், இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் குளிர்காலத்தோடு வேலையும் முடிந்தது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வீட்டில் போன மாதம்தான் இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது.

வெளியே வந்தவரை முதலாளி நேரே உள்ளே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்து, காபி கொடுத்து, தன் மச்சானைத் திட்ட ஆரம்பித்தார். மச்சான் செய்த அநியாயமெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் விற்பனையாளரின் பனியன் தொப்பலாக நனைந்துவிட்டது.

பிறகு, கிடங்கின் கனத்த கதவுக்குப் பொறுப்பான அம்மாள் அவரை உள்ளே விட்டுச் சாத்தினார். கதவிலிருந்த கண்ணாடிக்கு வெளியே முதலாளி நின்றுகொண்டார். விற்பனையாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளிர்ந்தது. சாதாரணக் குளிர் இல்லை, ஈரப் பனியன் ஐஸ்கட்டியாக முதுகில் ஒட்டிக்கொண்டது.

ஸ்வெட்டர்கள் நெருக்கியதில் இறகெல்லாம் நசுங்கி, காற்று நிற்க இடமே இல்லை. பயத்தில் இடுப்புப் பட்டியை இன்னும் இறுக்கினார். மிச்சமிருந்த காற்றும் போயிற்று. உடம்பு சூடேறட்டும் என்று நின்ற இடத்திலேயே குதித்தார். நன்றாக வேர்த்தது. குதிப்பதை நிறுத்தியதும் அந்த வேர்வை முன்னைவிட மோசமாகக் குளிர்ந்தது. பத்து வருஷமாக ஊரெல்லாம் விற்ற கோட்டு தன்னையே கைவிட்டதை அவரால் நம்ப முடியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளியின் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஆள் கிண்டல் செய்கிறார் என்று விற்பனையாளர் நினைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது அவர் உதடு நீலமாகியிருந்தது. பல் தந்தியடித்தது.

"எப்படி இருந்துது?" என்று கேட்டார் முதலாளி.

"க... கத... கதகதப்பா..." அதற்கு மேல் நாக்கு ஒத்துழைக்கவில்லை.

எல்லாம் போச்சு. இனி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி அவருடைய விறைத்த கையைப் பிடித்துக் குலுக்கினார். "எங்க ஆளுங்க எல்லாருக்கும் இதே கோட்டுதான். நாளைக்கே அனுப்பிடுங்க."

குளிரில் வராத மயக்கம் விற்பனையாளருக்கு இப்போது வந்தது. முதலாளி அந்தப் பக்கம் போனதும் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளிடம் மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, நான் நடுங்கினதைப் பாத்துமா வாங்குறாரு?"

"அதைப் பாத்துத்தான் சார். இப்ப இருக்கிற கோட்டைப் போட்டுக்கிட்டு எல்லாரும் உள்ளயே படுத்துத் தூங்கிடுறாங்க."